கை மறக்காது, கண் மறந்துவிடும்: 54 வயதில் மறுபடி பைக்

கேள்வி இது: "வயது 54. கல்லூரிக் காலத்தில் தொடங்கி 2003 வரை யமஹா ஆர்எக்ஸ் 100 ஓட்டினேன். அப்புறம் குடும்பம், கார். 22 வருடமாக பைக்கைத் தொடவில்லை. பிள்ளைகள் அவரவர் வழியில் போய்விட்டார்கள். ஒரு 350 சிசி வண்டி வாங்கி ஊர் சுற்ற ஆசை. வீட்டில் பயப்படுகிறார்கள். இந்த வயதில் சரிப்படுமா, எப்படித் தொடங்குவது? பழைய ஆர்எக்ஸ் இன்னும் ஷெட்டில் கிடக்கிறது, அதை என்ன செய்யலாம்?"

சரிப்படும். நானே அப்படித் திரும்பி வந்தவன்தான். 1988 மாடல் புல்லட் ஒன்றை 2003 வரை ஓட்டினேன். 13 வருடம் விட்டுவிட்டு, 2016-இல், ஐம்பது வயதில் புது வண்டி எடுத்தேன். இப்போது 59 ஆகிறது, இன்னும் ஓட்டுகிறேன். ஆனால் திரும்பி வந்த இரண்டாவது மாதமே விழுந்து, இடது மணிக்கட்டில் மாவுக்கட்டுடன் ஆறு வாரம் உட்கார்ந்திருந்தேன். எப்படி விழுந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. 15 வருடம் அப்படியே ஓட்டிய கால் இது. புது வண்டியில் எல்லா வண்டியையும் போல கியர் இடது, பிரேக் வலது. முதல் வாரம் கவனமாக யோசித்து யோசித்து ஓட்டினேன், ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு மாதத்தில் யோசிக்காமலே ஓட்ட வந்துவிட்டது. சேலத்திலிருந்து ஓமலூர் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில், சாலையோரம் மேய்ந்த ஆடுகளில் ஒன்று குறுக்கே வந்தது. அந்த ஒரு நொடியில் என் கால் 1988-க்குப் போய்விட்டது. பிரேக் என்று நினைத்து இடது காலை ஓங்கி மிதித்தேன். மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கியது, பின்சக்கரம் துள்ளியது, வண்டி ஓரத்து மணலில் போய்ப் படுத்தது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வருகிறவர்கள் எல்லோரும் "மறந்து போயிருக்குமோ" என்றுதான் பயப்படுகிறார்கள். மறந்துபோனதால் பெரிய ஆபத்து இல்லை. மறந்தது என்று தெரியும், கவனமாக இருப்போம். மறக்காமல் உள்ளே கிடப்பதுதான் ஆளை விழுத்துகிறது. கிளட்ச் விடுவது, கியர் மாற்றுவது, பேலன்ஸ் எல்லாம் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். உடனே மனசு "அட, எதுவும் போகவில்லையே" என்று 25 வயது ஆளின் தைரியத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். சாலையைப் படிக்கிற கண் மட்டும் அவ்வளவு சீக்கிரம் வராது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். தைரியம் வந்துவிட்டது, கண் இன்னும் வரவில்லை என்கிற அந்த இடைவெளியில்தான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள்.

கண் என்று நான் சொல்வது பார்வைக் குறைவை இல்லை, அதற்கு அப்புறம் வருகிறேன். 22 வருடம் கார் ஓட்டிய கண் முன்னால் போகிற வண்டியைப் பார்க்கும், கண்ணாடியைப் பார்க்கும், தரையைப் பார்க்காது. காரில் தரை என்பது குலுக்கல் மட்டும்தானே. பைக்கில் தரைதான் எல்லாம். வளைவில் சிந்திக் கிடக்கும் ஜல்லி, டிராக்டர் கொட்டிப்போன களிமண், டோல்கேட்டிலும் சிக்னலிலும் வண்டிகள் நின்று நின்று நடுவில் படிந்த ஆயில் கறை, மழை பெய்த முதல் பத்து நிமிடம் வழுக்கும் தார், ஈரமான வெள்ளைக் கோடு, சாலையை வெட்டிக் குழாய் பதித்து மேலே மண்ணைத் தள்ளி மூடிய பள்ளம். இவையெல்லாம் உங்கள் கண்ணில் தானாகப் பட ஆரம்பிக்கும்வரை வேகம் 50-ஐத் தாண்ட வேண்டாம். எனக்கு அது வர கிட்டத்தட்ட 2000 கிலோமீட்டர் ஆனது.

கார் வருடங்கள் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். கார்க்காரனுக்கு எது தெரியாது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் ஒரு முழு பைக்கே மறைந்துபோகும் என்பது இருபது வயதில் யாருக்குத் தெரியும்? லாரியின் இடது பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகிறவனை டிரைவர் பார்க்கவே முடியாது என்று தெரியுமா? அந்த அறிவு இளவட்டங்களிடம் இல்லாதது. அதை வண்டியில் ஏறியதும் கழற்றி வைத்துவிடாமல் இருந்தால் போதும்.

அடுத்தது பிரேக். ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு இது முக்கியம். அந்த வண்டியில் முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக். "முன் பிரேக் பிடிக்காதே, குப்புற விழுவாய்" என்று நம் ஊரில் கற்றுக்கொடுத்த அண்ணன்கள் எல்லோரும் சொன்னார்கள். நாமும் பின் பிரேக்கை மட்டும் மிதித்துத் தேய்த்துக்கொண்டே வளர்ந்தோம். உண்மையில் பிரேக் பிடித்தவுடன் வண்டியின் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்சக்கரம்தான் செய்யும். இன்றைய 350 சிசி வண்டிகளில் முன்னால் டிஸ்க் பிரேக், கூடவே சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கிற 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டியிலும் ஏபிஎஸ் கட்டாயம். வெறும் விரலால் இழுத்தாலே பிடிக்கும். ஆகவே இரண்டு விஷயம் புதிதாகப் பழக வேண்டும். ஒன்று, முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி மெதுவாக ஆரம்பித்து அழுத்தத்தை ஏற்றுவது. இரண்டு, ஏபிஎஸ் வேலை செய்யும்போது லீவரோ பெடலோ கையிலும் காலிலும் துடிக்கும். பயந்துபோய் விட்டுவிடக் கூடாது, அப்படியே பிடித்திருக்க வேண்டும். ஊர்ந்து போகும்போது ஹேண்டில்பாரைத் திருப்பி வைத்துக்கொண்டு முன் பிரேக்கை அழுத்தினால் ஏபிஎஸ் உங்களைக் காப்பாற்றாது. வண்டி அப்படியே சாயும். வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். ஆட்டைப் பார்த்து பிரேக்கில் கை வைக்க 25 வயதில் ஆனதைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறது என்று வைத்துக்கொண்டால் எட்டு மீட்டர் போய்விடும், ஒரு மினி பஸ்ஸின் நீளம். அந்த எட்டு மீட்டரை எந்த உடற்பயிற்சியும் திருப்பித் தராது. முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே விடுகிற இடைவெளியில்தான் அதை ஈடுகட்ட வேண்டும். நான் இரண்டு விரலை பிரேக் லீவர்மேல் வைத்தே ஊருக்குள் ஓட்டுகிறேன்.

எடையைப் பற்றி. உங்கள் ஆர்எக்ஸ் 100 ஏறக்குறைய 100 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடுத்தால் 195 கிலோ. ஓடும்போது இந்த வித்தியாசம் தெரியாது, சொல்லப்போனால் கனமான வண்டி நிலையாகப் போகும். நிற்கும்போதுதான் தெரியும். பெட்ரோல் பங்கில் கால் ஊன்றும் இடத்தில் வழுக்கினால், சரிவில் முன்பக்கம் இறக்கமாக நிறுத்திவிட்டுப் பின்னால் தள்ள நேர்ந்தால், சின்னத் தெருவில் யூ டர்ன் போட்டால். ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்ட வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். இடுப்பு போய்விடும். விட்டுவிட்டு விலகுங்கள், லீவர் உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது: எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே வெளியே இழுத்துவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கை ஹேண்டில்பாரில், மறு கை பின்னால் இருக்கும் கம்பியில் வைத்து, தொடையின் பலத்தில் பின்னோக்கி நடந்து எழ வேண்டும். கடையில் வாங்குவதற்கு முன்பு யாராவது நண்பரின் வண்டியை மெத்தைமேல் படுக்கவைத்து இதைச் செய்து பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால் அதைவிட எடை குறைந்த வண்டிதான் உங்களுக்கு. ஹண்டர் 350 போன்றது 181 கிலோ. சீட் உயரமும் பாருங்கள்; இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். மீட்டியோர் 350-இன் சீட் 765 மில்லிமீட்டர், உயரம் குறைந்தவர்களுக்கு அது வசதி. கெத்து பார்த்து வண்டி எடுக்கும் வயது நமக்குப் போய்விட்டது. போகவில்லை என்று சொல்பவர்களை நான் பிசியோதெரபிக்காரரிடம் சந்தித்திருக்கிறேன்.

டூ ஸ்ட்ரோக் ஓட்டியவருக்கு இன்னொரு புதுமை: ஆர்எக்ஸில் ஆக்சிலரேட்டரை விட்டால் வண்டி பெரிதாக வேகம் குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் 350-இல் விட்ட உடனே எஞ்சினே பிடித்து இழுக்கும். முதல் சில நாள் தலை முன்னும் பின்னும் ஆடும், பின்னால் உட்கார்ந்திருப்பவரின் ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் டொக் டொக்கென்று இடிக்கும். ஆனால் மலை இறங்கும்போது இதுவே வரம். அப்புறம் கிக்கர் இல்லை, சோக் இல்லை, பெட்ரோல் தீர்ந்தால் ரிசர்வுக்குத் திருப்பிக்கொள்ளும் குழாயும் இல்லை. மீட்டரில் விளக்கு எரியும், அதை நம்ப வேண்டியதுதான். ஹெட்லைட் சுவிட்சைத் தேட வேண்டாம். 2017-லிருந்து வருகிற வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே விளக்கு எரியும். எதிரே வருகிற பத்துப் பேராவது கையை மூடித் திறந்து "லைட்டு எரியுது சார்" என்று சைகை காட்டுவது இப்போது நின்றுவிட்டது.

எப்படித் தொடங்குவது? 350-ஐ உடனே வாங்காதீர்கள். ஒரு மாதம் யாரிடமாவது 110 அல்லது 125 சிசி வண்டி இரவல் வாங்குங்கள். ஞாயிறு விடியற்காலையில் ஒரு காலி மைதானமோ, வேலை நடக்காத லேஅவுட்டோ போதும். ஆர்டிஓ ஆபீஸில் எட்டு போட்டது நினைவிருக்கிறதா? அதையே போடுங்கள். கால் ஊன்றாமல், பெரிய எட்டில் ஆரம்பித்துச் சின்ன எட்டு வரை. பார்வை முன்சக்கரத்தில் இருந்தால் எட்டு வராது, அடுத்து போக வேண்டிய இடத்தில் இருந்தால் தானாக வரும். சைக்கிள் பழகும்போது "பள்ளத்தைப் பார்க்காதே, பார்த்தால் அங்கேதான் போவாய்" என்று சொல்லியிருப்பார்களே, அதேதான். எட்டு வந்த பிறகு பிரேக் பயிற்சி. 30-இல் போய் ஒரு கல்லைக் குறியாக வைத்து நிறுத்துங்கள், பிறகு 40, பிறகு 50. ஒரு நாளைக்கு இருபது தடவை. நான் விழுந்து எழுந்த பிறகு இதைத்தான் செய்தேன், கூடவே "வலது கால், வலது கால்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. மைதானத்தில் வாக்கிங் போனவர்கள் என்ன நினைத்தார்களோ. யோசித்துச் செய்வதைப் பழகினால் போதாது. பதறும்போது செய்வதைப் பழக வேண்டும், அதற்கு எண்ணிக்கை ஒன்றுதான் வழி.

மைதானம் முடிந்ததும் ஊருக்குள், அப்புறம் கிராமத்துச் சாலை, கடைசியாகத்தான் நான்கு வழிச்சாலை. நாம் ஓட்டிய காலத்தில் இருபுறமும் புளியமரம் நின்ற இருவழிச்சாலை. எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போனோம். இப்போது பக்கத்தில் கார் 110-இல் போகிறது, அதே தடத்தில் எதிர்த் திசையில் ஒரு மொபெட் வைக்கோல் கட்டோடு வருகிறது. நான்கு வழிச்சாலையில் இடது ஓரத்தை ஒட்டியே போகலாம் என்று தோன்றும். ராங் சைடில் வருகிறவனும் விளக்கில்லாமல் நிற்கிற லாரியும் அங்கேதான் இருப்பார்கள். ஆம்னி பஸ் முந்தும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் வண்டி ஆடும். தொடையால் டேங்கைப் பிடித்துக் கையைத் தளர்வாக விடுங்கள்.

மலைப்பாதைக்கு ஆறு மாதம் கழித்துப் போகலாம். எங்களுக்கு ஏற்காடு பக்கம், 20 கொண்டை ஊசி வளைவு. ஏலகிரி 14-தான், முதல் மலைக்கு அதுவே நல்லது. கொல்லிமலையின் 70 வளைவுகளை எடுத்த எடுப்பில் தொடாதீர்கள். கொண்டை ஊசிக்கு முன்பே கியரைக் குறைத்து, வளைவுக்குள் கிளட்சைப் பிடிக்காமல், உங்கள் பக்கத்துக்குள்ளேயே திரும்புங்கள். பஸ் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும், அதற்கு வேறு வழி இல்லை. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். இது சட்டத்திலேயே இருக்கிறது, ஞாபகம் வைத்திருப்பவர்கள்தான் குறைவு.

இப்போது உடம்பு. முதலில் கண் டாக்டர். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருப்பீர்கள். மேலே தூரம், கீழே கிட்டே என்று இருக்கும் கண்ணாடியோடு குனிந்து கால் எங்கே ஊன்றுகிறோம் என்று பார்த்தால் தரை மங்கலாகவும் உயரம் தப்பாகவும் தெரியும். ஓட்டுவதற்கென்று தூரப்பார்வை மட்டும் உள்ள கண்ணாடி ஒன்று, ஹெல்மெட்டுக்குள் நுழைகிற மெல்லிய காதுடன், தனியாகச் செய்துகொண்டேன். கண்புரை ஆரம்பித்திருந்தால் எதிரே வருகிற எல்இடி வெளிச்சம் சிதறி ஒன்றுமே தெரியாது. அப்படி இருந்தால் இரவு ஓட்டமே வேண்டாம். கழுத்தைத் தோள்வரை திருப்ப முடிகிறதா என்று இப்போதே பாருங்கள். முடியாவிட்டால் கண்ணாடியில் தெரியாத இடம் உங்களுக்கு இல்லாத இடம் ஆகிவிடும். சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்வு சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் சோதித்துக்கொள்ளுங்கள், பெடல் எவ்வளவு அழுந்துகிறது என்று கால் சொல்ல வேண்டுமே. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் வண்டியைத் தொட வேண்டாம். சளிக்கு வாங்கும் மாத்திரையும் தூக்கம் வரவைக்கும். நம் வெயிலுக்கு விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் நிழலுக்கு வந்துவிடுவது உத்தமம்.

பரணில் இருக்கும் பழைய ஹெல்மெட்டை எடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல்தான் அடியைத் தாங்குவது, அது வருடக்கணக்கில் வெப்பத்தில் கிடந்து கெட்டிருக்கும். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் புதிதாக வாங்குங்கள். போட்டு வாரை மாட்டியபின் பின்பக்கம் பிடித்து முன்னால் உருட்டினால் கழன்று வரக் கூடாது. கையுறை, கணுக்கால் மூடும் ஷூ, காற்று புகும் வலை ஜாக்கெட். விழும்போது எல்லோரும் முதலில் கையைத்தான் ஊன்றுவோம், என் மணிக்கட்டே சாட்சி. செருப்போடு ஓட்டிய காலத்தைப் பற்றி நாம் இருவரும் பேசாமல் இருப்போம்.

லைசென்ஸை எடுத்துத் தேதி பாருங்கள். முடிந்து ஒரு வருடத்துக்குள் என்றால் புதுப்பித்துக்கொள்ளலாம், அதைத் தாண்டினால் மறுபடி எட்டு போட்டுக் காட்ட வேண்டும். 40 வயதுக்கு மேல் டாக்டர் சான்று தேவை. உங்கள் வயதில், 55 ஆகும் முன்பு புதுப்பித்தால் 60 வரை கிடைக்கும், 55 தாண்டிவிட்டால் ஐந்தைந்து வருடமாகத்தான். லைசென்ஸ் செல்லாமல் இருந்தால் இன்சூரன்ஸ் பணம் கேட்கும்போது சிக்கல் வரும்.

வீட்டில் பயப்படுகிறார்கள் என்கிறீர்கள். அவர்கள் பயம் நியாயமானது, அதை வாதத்தால் போக்க முடியாது. என் மனைவி மைதானத்துக்கு வந்து ஒரு கல்லில் உட்கார்ந்து நான் பிரேக் போடுவதை மூன்று ஞாயிறு பார்த்தாள். அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை, ஹெல்மெட் மட்டும் தனக்கும் சேர்த்து வாங்கச் சொன்னாள். ஆனாலும் முதல் 2000 கிலோமீட்டருக்கு யாரையும் பின்னால் ஏற்றாதீர்கள். இளைஞர் கூட்டத்தோடு சவாரி போவதையும் அதுவரை தள்ளிப்போடுங்கள். முன்னால் போகிற 26 வயதுப் பையனைப் பிடிக்க வேண்டும் என்று எந்த நிமிடமும் நமக்குத் தோன்றிவிடும், அவன் நம் பிள்ளையாக இருந்தால் இன்னும் சீக்கிரம் தோன்றும்.

கடைசியாக அந்த ஆர்எக்ஸ். விற்க வேண்டாம், உடனே ஓட்டவும் வேண்டாம். 15 வருடம் தாண்டிய வண்டியின் பதிவு காலாவதியாகியிருக்கும். ஆர்டிஓவில் காட்டிப் புதுப்பித்தால் ஐந்து வருடம் தருவார்கள். அதற்கு முன் டூ ஸ்ட்ரோக் தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். டேங்க்கில் பெட்ரோல் பிசினாகியிருக்கும், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும். இப்போதைய பங்க் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாயும் வாஷரும் தாங்காது, எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். பிரேக் ஷூ, கேபிள் புதிது. டயர் பார்க்க நன்றாக இருந்தாலும் கல்லாகியிருக்கும். பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. உங்களுடையதில் நான்கு எண்ணே இல்லாமல் மூன்றுதான் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். கழற்றிக் கொய்யாமரத்தில் ஊஞ்சல் கட்டிவிடுங்கள்.